ஏலத்தில் போன அபினி

கல்கத்தாவிலும் பாட்னாவிலும் காசியிலும் குடியேறி வாழும் நம்மவர் கங்கைக் கரையில் நாள்தோறும் நடக்கின்றனர். அந்த நதியின் வழியேதான் ஒரு காலத்தில் அபினிப் பெட்டிகள் படகேறிக் கல்கத்தாவை அடைந்தன.

1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து அபினி வாணிகத்தைக் கம்பெனியின் தனியுரிமை ஆக்கினார். உழவனுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடியைப் பயிரிடச் செய்தனர். விளைந்த பாலுக்கு விலை வைத்ததும் அவர்களே. வேறொருவருக்கு விற்றால் குற்றம்.

சீனப் பேரரசோ 1729இலேயே அபினி விற்பனையைத் தடுத்திருந்தது. கம்பெனி இதனை நன்கறியும். ஆகவே தன் கப்பலில் அபினியை ஏற்றாமல், கல்கத்தாவில் ஏலம் விட்டுப் பணத்தை மட்டும் எண்ணிக்கொண்டது. கைமாறிய பெட்டி எங்குப் போனால் நமக்கென்ன என்பது அதன் வாதம். ஆனால் காண்டன் வணிகர் கம்பெனியின் முத்திரையைப் பார்த்தே அச்சரக்கை நம்பி வாங்கினர்! அப்பணந்தான் இங்கிலாந்துக்குத் தேயிலை வாங்க உதவியது.

லிண்டின் தீவருகே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து விரைவுப் படகுகள் பெட்டிகளைக் கரைசேர்த்தன. காவல் அதிகாரிகளுக்குப் பெட்டிக்கு இவ்வளவு எனக் கையூட்டு உண்டு. சில பெட்டிகளை அவர்களிடமே விட்டுவிடுவதும் உண்டு. அவற்றைப் 'பிடிபட்ட சரக்கு' என மேலிடத்துக்குக் காட்டி அவர்கள் பாராட்டும் பெற்றனர்.

கையூட்டுக்கு மசியாத லின் செசூ என்னும் அதிகாரி 1839இல் வந்தார். 20,000க்கும் மேற்பட்ட பெட்டிகளைப் பறித்து, ஹூமனில் உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைத்துக் கடலில் விட்டார். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்தன.

அப்போரில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தனர். 1841 மே மாதம், காண்டனை அடுத்த சான்யுவான்லிப் பகுதியில் 37ஆவது சென்னைக் காலாட்படையின் ஒரு பிரிவு பெருமழையில் தனித்துவிடப்பட்டது. மருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஊர்மக்கள் ஈட்டியும் மண்வெட்டியும் ஏந்திச் சூழ்ந்துகொண்டனர். உதவி வரும்வரை துப்பாக்கி முனைக் கத்தி ஒன்றே துணையாகச் சிப்பாய்கள் நின்றனர். கல்கத்தா ஏலத்தில் ஒரு காசும் காணாத இரு திறத்தார், அந்த ஏலத்தின் பொருட்டுச் சேற்றில் நின்று ஒருவரையொருவர் குத்திக்கொண்டனர்.

1842இல் நான்கிங் உடன்படிக்கை ஏற்பட்டது. சீனா ஹாங்காங்கையும் 2 கோடியே 10 லட்சம் டாலரையும் கொடுத்தது. அதில் 60 லட்சம், கரைத்த அபினிக்கு ஈடு. இனி அபினி விற்கலாமா, கூடாதா என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. 1858இல், மறுபடியும் ஒரு போர் நடந்துகொண்டிருந்தபோது, அபினி சுங்கவரி கட்டிச் செல்லும் சரக்காயிற்று.