தில்லைப் பொன்னும் காம்போசக் கல்லும்: சோழ அரச மகளிரின் முதலும் கடல்வணிகமும்

சோழ அரசியரின் கோயில் கொடைகள் பற்றிய பேச்சு இன்றும் ஜார்ஜ் ஸ்பென்சர் 1983இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறது. அரசியர் அளித்த கொடைகள் அரசகுலத்தின் அரசியல் செல்வாக்கைப் பெருக்கவே பயன்பட்டன என்பது அவர் வாதத்தின் சாரம். சோழ அரசி செம்பியன் மாதேவிக்கு இது ஓரளவு பொருந்தும். எல்லா அரச மகளிரையும் இதற்குள் அடைத்துவிட்டால், பெண்கள் கையிலிருந்த முதல் எங்கெல்லாம் புரண்டது என்ற கேள்வியே எழாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜனின் தமக்கை குந்தவை ஊர்ச்சபைகளிடம் காசு ஒப்படைத்தார். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி), அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. பொலிசை கோயிலுக்குப் போனது உண்மை. ஆனால் முதலை யாரிடம் வைப்பது, அதன் பலன் எதற்குச் செல்வது என்பதெல்லாம் அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. கல்வெட்டு அவரை அரசனின் தமக்கை, வந்தியத்தேவரின் தேவி என்றுதானே அறிமுகம் செய்கிறது என்று ஸ்பென்சர் பக்கம் நின்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். அறிமுகம் உறவால் அமைந்தது என்பதற்காகப் பணமும் உறவினருடையது ஆகிவிடாது.

இதைவிட வலுவான சான்று தில்லை என்னும் சிதம்பரத்தில் இருக்கிறது. நடராசர் கோயில் உட்பிராகாரச் சுவரில் உள்ள அந்தக் கல்வெட்டு 'எபிகிராபியா இண்டிகா' ஐந்தாம் தொகுதியில் வெளிவந்தது. அதில் வருபவர் முதலாம் குலோத்துங்கனின் தங்கை, வேங்கி ராஜராஜனின் மகள், இன்னொரு குந்தவை. குலோத்துங்கனின் 44ஆம் ஆட்சியாண்டில், மீன மாதத்து வெள்ளிக்கிழமை, உரோகிணி நாளில் அவர் தில்லைக் கோயிலைப் பொன்னால் வேய்ந்தார் என்கிறது அதிலுள்ள செய்யுள். கணக்கிட்டால் 1114 மார்ச் 13 வருகிறது. செய்யுள் புகழ்கிறது, உரைநடை கணக்கு வைக்கிறது. இறைவன் தண்ணீர் அமுது செய்ய இட்ட பொன்மண்டை 50 கழஞ்சு. நிறைக்குக் குடிஞைக்கல் என்னும் எடைக்கல்லும் மாற்றுக்கு மதுராந்தகன் மாடை என்னும் பொற்காசும் அளவுகோல்.

கோயில் பண்டாரத்தின் வழக்கமான எழுத்துமுறை என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அது போதவில்லை. அதே தில்லையைப் பொன் வேய்ந்ததாக உரிமை கொண்டாடுவோர் இன்னும் இருவர். ஒருவர் படைத்தலைவன் மணவில் கூத்தன் காலிங்கராயன் என்னும் நரலோகவீரன். மற்றவர் விக்கிரம சோழன், தன் பத்தாம் ஆண்டில், 1128இல். மூவரும் ஒரே பணியைப் பங்கிட்டுச் சொல்கிறார்கள் என்றால் பெருமை முழுவதும் அரசனிடம்தான் போய்ச் சேரவேண்டும். அப்படிச் சேரவில்லை. தனித்தனிப் பெயர், தனித்தனிச் செய்யுள். மூன்று பேர், மூன்று பணப்பை என்று கொள்வதே பொருத்தம். ஸ்பென்சரின் சட்டம் உடைவது இங்கேதான்.

குந்தவையின் பை எப்படி நிரம்பியது? வேங்கி வருவாயா, அரண்மனைப் பங்கா, கடல்வணிகமா என்பதற்கு நேர்ச்சான்று இல்லை. சூழல் மட்டுமே உண்டு. 1077இல் சோழத் தூதர் 72 பேர் சீனம் சென்று, கொண்டுபோன பொருளுக்கு ஈடாக 81,800 சரம் செப்புக்காசு பெற்றனர். 1088இல் சுமத்திராவின் பரூசில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழ்க் கல்வெட்டு நாட்டினர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கான சிறிய லெய்டன் செப்பேடு 1090. குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்ததும் இக்காலமே. இத்தனையும் குந்தவையின் வாழ்நாளுக்குள் அடங்கும். கடல் வழி வந்த செல்வத்தில் அரண்மனைப் பெண்களின் முதல் மட்டும் கலக்காமல் கரையிலேயே நின்றது என்று நம்புவதற்குத்தான் கூடுதல் சான்று வேண்டும்.

அதே கல்வெட்டில் இன்னொரு செய்தி. காம்போச அரசன் ராஜேந்திர சோழ தேவருக்குக் காட்சிப்பொருளாகக் காட்டிய கல், அத்தேவரின் ஆணைப்படி திருவெதிரம்பலத்தில், முன்வரிசைக்கு மேல்வரிசையில் பதிக்கப்பட்டது. நீலகண்ட சாஸ்திரி முதலியோர் இதைக் குலோத்துங்கன் காலத்துக் கம்போடிய உறவுக்குச் சான்றாகக் கொண்டனர். அரசனின் அயலுறவுக்கு ஒரு சான்று, அரசன் தங்கையின் பக்திக்கு ஒரு சான்று என்று ஒரே கல்வெட்டைப் பிரித்துப் படித்துவந்திருக்கிறோம். எழுதியவர் அப்படிப் பிரிக்கவில்லை. குந்தவையின் பொன்னும் கடல் கடந்து வந்த கல்லும் கோயில் வரவில் அடுத்தடுத்து நிற்கின்றன.

கல் வந்த காலம்தான் சிக்கல். குலோத்துங்கனுக்கு ராஜேந்திரன் என்ற பெயரும் உண்டு. இரண்டாம் சூரியவர்மன் அங்கோரில் முடிசூடியது 1113. இரண்டையும் முடிச்சுப்போட ஆசை வருகிறது. ஆனால் குந்தவையைக் குலோத்துங்கனின் தங்கை என்று குறித்த கல்வெட்டு, அவனையே உடனே இளமைப் பெயரால் ஏன் அழைக்கவேண்டும்? முதலாம் ராஜேந்திரனுக்குக் காம்போச மன்னன் தேர் அனுப்பி நட்பு வேண்டியதைக் கரந்தைச் செப்பேடுகள் சொல்கின்றன. கல் அவன் காலத்தது என்றால் 1114க்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தியது. குந்தவையின் பொன்னோடு அது சேர்ந்தது எழுத்தில் மட்டுமே. பழைய வரவொன்றை இவ்வளவு காலம் கழித்து, ஒரு பெண்ணின் கொடையோடு சேர்த்து எழுதவேண்டிய தேவை கோயிலாருக்கு ஏன் வந்தது என்பது அப்போது இன்னும் கடினமான கேள்வியாகிறது. இரண்டில் ஒன்றை இப்போதைக்கு நான் தேர்ந்தெடுக்கவில்லை.