வால்பாறை: குறும்பயணக் காட்சிகளும் உணவும்

வால்பாறை, கோயம்புத்தூர் மாவட்டத்தின் தென்கோடியில் ஆனைமலைத் தொடரில் சுமார் 3,500 அடி உயரத்தில் உள்ள மலை நகரம். பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கி.மீ., கோவையிலிருந்து 100 கி.மீ.க்குச் சற்று மேல். நகராட்சியாகவும் வட்டத் தலைநகராகவும் உள்ளது. ஒரு நாளோ இரண்டு நாளோ தங்கிப் பார்க்கும் குறும்பயணத்துக்குக் கொங்கு நாட்டவர் அதிகம் நாடும் இடங்களுள் ஒன்று.

உதகை சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகராக வளர்ந்தது. கொடைக்கானல் அமெரிக்க மிஷனரிகளின் ஓய்விடமாகத் தொடங்கியது. வால்பாறையோ வேலைக்காக உண்டான ஊர். காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். தேயிலைக்கு ஆள் கொண்டுவந்தார்கள். அந்த ஆட்களுக்கு அரிசி, துணி, மருந்து விற்கக் கடைத்தெரு எழுந்தது. ஆகவே பயணி இங்கே காண்பவை பெரும்பாலும் ஏதோ ஒரு வேலைக்காக அமைந்தவை: மலைச்சாலை, தோட்டம், தொழிற்சாலை, அணை. வெட்டுக்குத் தப்பி இடையிடையே நிற்கும் சோலைகளும் அவற்றில் வாழும் விலங்குகளுமே மிச்சம். நகராட்சி அண்மையில் அமைத்த படகுத்துறையும் பூங்காவும் உண்டு என்றாலும், அவற்றுக்காக யாரும் மலைச்சாலையின் 40 வளைவுகள் ஏறி வரவேண்டியதில்லை.

ஏறும் வழி

வால்பாறைப் பயணத்தின் பாதிச் சுவை சாலையில்தான் இருக்கிறது. பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்துகள் நாள் முழுதும் புறப்படுகின்றன. இரண்டரை முதல் மூன்று மணி நேரப் பயணம். சொந்த வாகனத்தில் வருவோருக்குச் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் கட்டாயம். ஆழியாறு சோதனைச் சாவடியில் அதைக் காட்ட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை அங்கேயே எடுத்துவிடுவார்கள். பேருந்தில் வருபவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. வளைவுகளில் ஓட்டுநருக்குச் சாலையைத் தவிர வேறெதையும் பார்க்க வாய்ப்பில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பேருந்தில் சன்னலோர இருக்கைதான் இந்த மலைக்குச் சரியான இருக்கை.

அடிவாரத்தில் ஆழியாறு அணை. 120 அடி நீர்மட்டம் கொண்ட இந்த அணை பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் ஓர் உறுப்பு. அதைக் கடந்து சிறிது தூரத்தில் குரங்கு அருவி. வனத்துறைக்குக் கட்டணம் செலுத்திக் குளிக்கலாம், வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் 40; ஒவ்வொன்றிலும் எண்ணிட்ட பலகை உண்டு. 9ஆம் வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனை, இந்தச் சாலையை அமைத்த பொறியாளர் லோம் பெயரைத் தாங்கியது. ஆழியாறு நீர்த்தேக்கமும் அதற்கப்பால் பொள்ளாச்சிச் சமவெளியின் தென்னந்தோப்புகளும் இங்கிருந்து ஒரே பார்வையில் விரியும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டை மிக எளிதாகப் பார்க்கக்கூடிய இடங்களுள் இதுவும் ஒன்று. சாலையோரப் பாறைச் சரிவில் அவை மேய்ந்துகொண்டிருக்கும். பயணிகள் நீட்டும் பிஸ்கட்டுக்கும் வாழைப்பழத்துக்கும் பழகிவிட்டால் அவை சாலைக்கே இறங்கி நிற்கத் தொடங்கும். அப்புறம் வளைவில் திரும்பும் வண்டி எதுவும் அவற்றின் உயிருக்கு ஆபத்துதான். எதுவும் கொடுக்காமல் நகர்வதே அவற்றுக்குச் செய்யும் நன்மை.

அட்டகட்டியைத் தாண்டியதும் காற்று குளிரும். வாட்டர்ஃபால் தோட்டத்தில் தேயிலை தொடங்கும். இப்பகுதிக் காட்டுக்குள், கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இயங்குகிறது. பயணிகள் பார்க்கும் இடம் அல்ல. கவர்க்கல்லில் மூடுபனி அனேகமாக எந்நாளும் இறங்கியிருக்கும். இங்கே தொடக்ககாலத் தோட்ட முதலாளிகளுள் ஒருவரான கார்வர் மார்ஷின் சிலை நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இம்மலையில் காடழித்துத் தேயிலை பயிரிட வழிகாட்டியவர் என்று தோட்ட வரலாறு இவரைப் போற்றுகிறது. பிறகு ஐயர்பாடி, ரொட்டிக்கடை, புதுத்தோட்டம், வால்பாறை.

தோட்டங்கள்

சிலை மார்ஷுக்கு இருக்கிறது. காட்டை உண்மையில் வெட்டியவர்களுக்கும், நட்டவர்களுக்கும், மலேரியாவில் மடிந்தவர்களுக்கும் அப்படி ஒன்று இல்லை. திருநெல்வேலி, இராமநாதபுரம், சேலம் போன்ற வறண்ட சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துவந்த குடும்பங்கள் அவர்கள். முன்பணம் கடனாக வளர்ந்து அவர்களைத் தோட்டத்திலேயே கட்டிப்போட்டது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் இந்தக் கதையை ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலாக எழுதினார், 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேளின் தமிழாக்கம் ‘எரியும் பனிக்காடு’. 2013இல் வந்த பாலாவின் ‘பரதேசி’ திரைப்படத்துக்கு அடிப்படை இந்த நாவலே. வால்பாறை வரும் முன் படிக்க ஒரே ஒரு நூல் வேண்டுமென்றால் அது இதுதான். படித்தவர் கண்ணுக்கு அந்தப் பச்சைச் சரிவு வேறு விதமாகத் தெரியும்.

முடீஸ், உருளிக்கல், சேக்கல்முடி, பன்னிமேடு, நடுமலை, கருமலை, அக்காமலை, சிறுகுன்றா என்று தோட்டங்கள் நகரைச் சுற்றிப் பரந்துள்ளன. ஓட்டுக்கூரை வேய்ந்த தொழிலாளர் லைன் வீடுகளும், குன்றின்மேல் தனித்து நிற்கும் மேலாளர் பங்களாவும் யார் எங்கே வாழ்ந்தார்கள் என்பதை இன்றும் காட்டுகின்றன. முன்பு விரலால் கிள்ளிய கொழுந்தை இப்போது கத்தரியாலும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்த செடிகள் மொட்டையாக நிற்கும். நோய் என்று எண்ணிவிட வேண்டாம், அடுத்த துளிருக்கான ஏற்பாடு அது. இளைய தலைமுறை திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டது. 2001 கணக்கெடுப்பில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் இருந்த நகராட்சி மக்கள்தொகை 2011இல் சுமார் 71,000 ஆகச் சுருங்கியது. இன்று கொழுந்து வெட்டுவோரில் அசாம், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் கணிசம்.

தொழிற்சாலைக்குள் அனுமதி கிடைத்தால் தவறவிடக் கூடாது. பச்சை இலையை வாட்டி, பற்கள் கொண்ட உருளைகளில் நசுக்கி, காற்றில் புளிக்கவைத்து, உலர்த்தி, சலிப்பார்கள். நான்கரை கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தூள். இங்கு பெரும்பகுதி இப்படிச் செய்யும் சிடிசி முறைத் தேயிலை. பாலில் போட்டால் நிறமும் கடுப்பும் உடனே இறங்கும், நம் டீக்கடைகளுக்கு ஏற்ற தூள். தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் நீராறு அருகே இருக்கிறது.

காட்சிமுனைகளில் முதலிடம் நல்லமுடி பூஞ்சோலைக்கு. வண்டியை நிறுத்திவிட்டுத் தேயிலைக்கு நடுவே சிறிது நடந்தால் மலை சட்டென்று முடிந்து, கேரளத்துப் பள்ளத்தாக்கு கீழே திறக்கும். வானம் தெளிந்திருந்தால் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி எதிரே தெரியும். காலையில் போவது நல்லது, நண்பகலுக்குப் பின் மேகம் ஏறிவிடும். கருமலையில் பாலாஜி கோவிலும் வேளாங்கண்ணி மாதா ஆலயமும் உள்ளன. நகரில் சுப்பிரமணிய சுவாமி கோவில். அக்காமலைப் புல்மேடு காப்புக்காட்டின் உட்பகுதி, சுற்றுலாப் பயணிகளுக்கு உரியதன்று.

ஆறும் அணையும்

சின்னக்கல்லார் இந்தியாவில் மிக அதிகம் மழை பெறும் இடங்களுள் ஒன்று. அந்த மழை கீழே ஓடிவிடாமல் நீராறு அணைகளில் நின்று, சுரங்கம் வழியே சோலையாறுக்கும், அங்கிருந்து பரம்பிக்குளத்துக்கும், பின் திருமூர்த்தி அணை வழியாக உடுமலை, பல்லடம் வயல்களுக்கும் போகிறது. மேற்கே கேரளத்துக்குப் பாயவேண்டிய நீரைக் கிழக்கே திருப்பிய இந்தப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்குத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் ஒப்பந்தம் கையெழுத்திட்டன. பொள்ளாச்சியில் பயணி குடிக்கும் இளநீரில் இந்த மலையின் மழை இருக்கிறது. மேல் சோலையாறு அணையின் முழு நீர்மட்டம் 160 அடி. தென்மேற்குப் பருவத்தில் நிரம்பிய பிறகு பார்க்க வேண்டிய இடம்.

கூழாங்கல் ஆறு நகரை ஒட்டி ஓடுவதால் எல்லோரும் போகும் இடம். காலை நனைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலே பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. பாறைகள் வழுக்கும், நடுவே ஆழக் கசங்கள் உண்டு. 2023 அக்டோபரில் கோவையிலிருந்து வந்த 5 கல்லூரி மாணவர்கள் சோலையாறு எஸ்டேட் பகுதி ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை போயிருக்கிறது என்று எண்ணிக்கொள்வது தவறாகாது.

சோலையும் விலங்கும்

வால்பாறை மேட்டுநிலத்தை ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ்ந்திருக்கிறது (அறிவிக்கப்பட்டது 2007). தேயிலைக்கு நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் புதுத்தோட்டம் பெயர்பெற்றது. 100 ஹெக்டேர்கூட இல்லாத அந்தச் சோலையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிங்கவால் குரங்குகள் பெருங்கூட்டமாக வாழ்கின்றன. அவை சாலையில் அடிபடாமல் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அத்தி பழுக்கும் காலத்தில் பெரிய இருவாச்சியின் சிறகோசையும் கேட்கலாம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் ஆய்வு அமைப்பு இங்கு நிலையம் அமைத்து, அழிந்த சோலைகளில் உள்ளூர் மரங்களை நட்டு மீட்டு வருகிறது.

யானைகள் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் வழி இந்தத் தேயிலைதான். ரேஷன் கடை அரிசியின் வாசம் பிடித்துச் சுவரை இடிப்பதும் உண்டு. யானை எங்கே நிற்கிறது என்பதைக் குறுஞ்செய்தி, உள்ளூர்த் தொலைக்காட்சி வரி, கைப்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்கு ஆகியவற்றால் தொழிலாளர்களுக்குச் சொல்லும் ஏற்பாட்டை உருவாக்கியதற்காக ஆய்வாளர் எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. பயணிகளுக்கும் இந்த விளக்கு பொருந்தும்: எரிந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சிச் சாலையில் நின்ற யானையைக் கடக்க முயன்ற ஜெர்மானியப் பயணி ஒருவர் உயிரிழந்தார். லைன் வீடுகளின் குழந்தைகளைச் சிறுத்தை தூக்கிய துயரங்களும் நடந்திருக்கின்றன. இருட்டிய பின் தேயிலைக்குள் நடப்பதை ஊர்க்காரர்களே தவிர்க்கிறார்கள்.

உணவு

தேயிலை, காப்பி, மிளகு, ஏலம் விளையும் மலையில் சோற்றுக்கு நெல் விளைவதில்லை. அரிசி, பருப்பு, காய், தேங்காய் எல்லாம் அந்த 40 வளைவுகளிலும் லாரியில் ஏறி வருபவை. ஆகையால் ‘வால்பாறைச் சமையல்’ என்று தனியே ஒன்றைத் தேடுவதில் பொருளில்லை. வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த தென்சீமைக் காரம், கீழிருந்து வந்த கொங்குப் பக்குவம், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த மலையாளக் கை மூன்றும் ஒரே தெருவில் கிடைப்பதுதான் இவ்வூரின் சிறப்பு.

பயணத்தின் முதல் உணவு மலையேறும் முன்பே காத்திருக்கிறது. ஆழியாறு அணையருகே சாலையோரக் கடைகளில் மிளகாய்ப் பொடி தடவி அடுக்கிய மீன்களில் விரும்பியதைக் காட்டினால் பொரித்துத் தருவார்கள். கட்லா, ரோகு, ஜிலேபி கெண்டை போன்ற நன்னீர் மீன்கள். சிறிய மீன் முள்ளோடு மொறுமொறுப்பாகவும், பெரிய மீன் துண்டு சதைப்பிடிப்பாகவும் இருக்கும். சூடாக, கையில் வாங்கிய உடனே தின்ன வேண்டும். வளைவுகளில் தலைசுற்றும் என்று அஞ்சுபவர்கள் இதைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பொள்ளாச்சியிலேயே இட்லியும் இளநீரும் போதும்.

நகரத்தில் விடிகாலையிலேயே டீக்கடைகள் விழித்துவிடும். தொழிலாளர்கள் மலையேறுவதற்குள் டீயும் வடையும், இட்லியும் பூரியும் முடிந்துவிடும். இங்கே டீ கடுப்பாக இருக்கும்; பக்கத்துத் தொழிற்சாலைத் தூளும் குளிரும் சேர்ந்து அதற்கு ஒரு நியாயம் தருகின்றன. சில கடைகளில் புட்டும் கடலைக்கறியும் கிடைக்கும். மதியம் வாழை இலைச் சாப்பாடு. இரவில் தட்டுக்கல் ஓசையோடு பரோட்டா, சால்னா, முட்டை வீச்சு. குளிரில் கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும் பரோட்டாவுக்கு ஈடு சொல்ல இந்த மலையில் வேறு இரவுணவு இல்லை. கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் தேடுவது ஏமாற்றத்தில் முடியும். ஞாயிறு தோட்டங்களுக்கு விடுமுறை என்பதால் கடைத்தெருவில் கூட்டம் மிகும். இறைச்சிக் கடைகளும் கருவாட்டுக் கடைகளும் நெரியும். ஊரை ஊராகப் பார்க்க அதுவே நாள்.

பழைய மேலாளர் பங்களாக்கள் சில இன்று விருந்தினர் இல்லங்கள். அங்கே சூப்பு, ரோஸ்ட், கேரமல் கஸ்டர்டு என்ற பட்லர் சமையல் மரபின் மிச்சத்தைச் சுவைக்கலாம், விலை அதிகம். எளிய பயணிக்கு நகர விடுதிகளும் வீட்டுத் தங்கல்களும் உள்ளன. வீட்டுத் தங்கலில் முன்கூட்டிச் சொன்னால் அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளு ரசம் போன்ற கொங்கு வீட்டுச் சாப்பாடு செய்து தருவோர் உண்டு. வாங்கிப்போக டீத்தூள், மிளகு, ஏலக்காய்.

பருவமும் இறங்கும் வழியும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அருவியும் அணையும் நிறையும், அட்டையும் மண்சரிவும் வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிரும் தெளிந்த வானமும். 

வந்த வழியே திரும்பாமல் மேற்கே இறங்குவதும் உண்டு. சோலையாறு அணை, மளுக்கப்பாறை சோதனைச் சாவடி, கேரளத்து மலக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி, சாலக்குடி என்று செல்லும் இந்தச் சாலை அடர்ந்த காட்டினூடே போகிறது. மலக்கப்பாறைக் கடைகளில் கப்பையும் மீன்கறியும் கட்டஞ்சாயாவும் கிடைக்கும். அதன்பின் வாழச்சால் வரை உணவுக்கு இடமில்லை. சாவடியில் நுழைந்த நேரத்தைக் குறித்துச் சீட்டுத் தருவார்கள். குறித்த நேரத்துக்குள் மறுமுனையில் காட்ட வேண்டும், நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது. மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை பயணிகளின் வாகனங்களை விடுவதில்லை. ஆகவே வால்பாறையில் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு புறப்பட்டுவிட வேண்டும்.