கண் காயங்களுக்கும் அறுவைச் சிக்கல்களுக்குமான நோய்க் குறியீடு

கண்ணில் பட்ட காயத்தையும் கண் அறுவைச் சிகிச்சையால் நேர்ந்த சிக்கலையும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியாகப் பதிவு செய்வதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாடு அடிப்படையாக உள்ளது. அதன் பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் பதிப்பே பல நாடுகளில் இன்றும் புழங்குகிறது.

பத்தாம் பதிப்பில் கண்ணுக்கும் கண்குழிக்கும் நேரும் காயங்களின் தலைப்பு எஸ்05. கருவிழிச் சிராய்ப்பு எஸ்05.0, பந்து பட்டு உண்டாகும் ஊமைக்காயம் எஸ்05.1. கண்ணைத் துளைத்த பொருள் உள்ளேயே தங்கிவிட்டால் எஸ்05.5. கருவிழியின் மேல் ஒட்டிய இரும்புத்தூள் இத்தலைப்பில் சேராது, அதற்கு டி15.0 உண்டு. சூட்டில் வெந்த கண்ணும் சுண்ணாம்பு, அமிலம் போன்றவை அரித்த கண்ணும் டி26இன் கீழ் வெவ்வேறு உட்பிரிவுகளில் அடங்கும். காயம் எதனால் நேர்ந்தது என்பதற்குத் தனிக் குறியீடு சேர்க்கப்படும். பட்டாசு வெடித்ததால் என்றால் டபிள்யூ39.

இந்த வகைப்பாட்டின் பெரிய குறை, கண்கோளம் திறந்துகொண்ட காயங்களில் தெரிகிறது. உள்திசு வெளியே பிதுங்கியிருந்தால் எஸ்05.2, இல்லையெனில் எஸ்05.3 என்று அது பிரிக்கிறது. கூர்மையான பொருள் கிழித்த கண்ணும், மழுங்கிய அடியில் உள்ளழுத்தம் ஏறி வெடித்த கண்ணும் ஒரே குறியீட்டைப் பெறுகின்றன. 1996இல் வெளியான பர்மிங்காம் கண்காயச் சொல்முறை இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தது. வெடித்த கண்ணின் சேதம் பெரும்பாலும் கூடுதலானது என்பதால், குறியீட்டை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வுகளில் இந்த வேறுபாடு மறைந்துபோவது சிறிய இழப்பன்று.

அமெரிக்காவில் 2015 அக்டோபர் முதல் பயன்படும் விரிவாக்கப் பதிப்பு வலது கண்ணா இடது கண்ணா என்பதையும் கேட்கிறது. எஸ்05.01எக்ஸ்ஏ என்றால் வலது கருவிழிச் சிராய்ப்பு, காயத்துக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும் கட்டம். எக்ஸ் வெற்றிடத்தை நிரப்பும் எழுத்து. குணமாகும் கட்டத்தில் ஏழாம் இடத்தில் டி (D) வரும். பின்னர் நீடிக்கும் விளைவுக்கு எஸ்.

அறுவைச் சிக்கல்களுக்கு உரிய தலைப்பு எச்59. கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் தங்கிய லென்ஸ் துண்டுகள் விரிவாக்கப் பதிப்பில் எச்59.02, மாக்குலா வீக்கம் எச்59.03. எல்லாச் சிக்கலும் இதே தலைப்பில் கிடைப்பதில்லை. இடம் நழுவிய செயற்கை லென்ஸ் டி85.2இல் இருக்கிறது. உள்விழிச் சீழ்த்தொற்றை எச்44.0இல் தேட வேண்டும்.

அறுவைக்குப் பின் தோன்றிய எல்லாமே அறுவைச் சிக்கல் ஆகிவிடாது. அறுவையே காரணம் என்பது மருத்துவரின் குறிப்பில் தெரிய வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது. குறிப்பு தெளிவாக இல்லாதபோது, குறியீட்டாளர் தாமாக ஊகிக்காமல் மருத்துவரிடமே கேட்டு எழுத வேண்டும்.