மாலை விழாத படம்

மன்னார்க் கரையோர வீடுகளில் சுவர்ப் படங்களுக்கு எழுதாத ஒழுங்கு ஒன்று உண்டு. இறந்தவரின் படத்துக்கு மாலை விழும். மேலே சின்னதாக ஒரு சிவப்பு மின்குமிழ் எரியும். சைவ வீடென்றால் கண்ணாடியில் சந்தனப் பொட்டு, கத்தோலிக்க வீடென்றால் சட்டத்தில் ஒரு செபமாலை. வெளிநாட்டில் இருக்கும் மகனின் பட்டமளிப்புப் படத்துக்கோ மகளின் கலியாணப் படத்துக்கோ இவை எதுவும் கிடையாது. யாராவது தெரியாமல் ஒரு பூவைச் சொருகிவிட்டால் வீட்டுக்காரர் பதறி எடுத்துவிடுவார்.

இந்த இரண்டு வரிசையிலும் சேராத படம் ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் சுவரில் இருக்காது. மாதா சொரூபத்தின் காலடியில் இருக்கும், சாமித் தட்டில் இருக்கும், அல்லது அலுமாரிக்குள் பிறப்புச் சான்றிதழோடு ஒரு பொலித்தீன் பையில் இருக்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படம். நான் சொல்லப்போவது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. பேசாலை, வங்காலை, அடம்பன், விடத்தல்தீவு என்று எந்தப் பக்கம் போனாலும், ஏறக்குறைய ஒரே வழியால் வந்து சேர்ந்திருக்கும் படங்களின் கதை.

அது பிறந்தது அநேகமாக அடையாள அட்டைக்காக. இலங்கையில் தேசிய அடையாள அட்டை 1972இல் வந்தது. போர்க்காலத்து வடக்கில் அது இல்லாமல் வீதியில் இறங்க முடியாது. சோதனைச் சாவடியில் முதலில் நீட்டவேண்டியது அதுதான். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பட்டினத்து ஸ்டூடியோவுக்குப் போவாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, அண்ணனுடைய சேட். காது இரண்டும் தெரியவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும். "சிரிக்காத தம்பி" என்பார் படமெடுப்பவர். கறுப்பு வெள்ளையில் சில பிரதிகள். ஒன்று விண்ணப்பத்தில் ஒட்டப்படும், மிச்சம் தாயின் பேர்ஸுக்குள் போகும். அந்தப் பிள்ளையை அரசாங்கம் அடையாளம் காண்பதற்காக எடுத்த படம் அது. பின்னாளில் அதே அரசாங்கத்தின் மேசைகளுக்கு முன்னால் "இவனைக் கண்டீர்களா" என்று கேட்டபடி அலைந்ததும் அதுதான்.

போர், ஆட்களோடு படங்களையும் இடம்பெயர்த்தது. 1990இல் தலைமன்னாரிலும் பேசாலையிலும் படகேறி இராமேஸ்வரம் போனவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போன பொருள்களில் படமும் இருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்கள் புத்தளத்துக்குப் போனபோது எத்தனையோ வீட்டு அல்பங்கள் எருக்கலம்பிட்டியிலேயே கிடந்துபோயின. 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சொரூபத்தையே குருமார் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டி வந்தது. ஓகஸ்டில் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. மன்னார்ப் பெருநிலத்துச் சனமோ கிழக்கே கிழக்கே தள்ளப்பட்டு முள்ளிவாய்க்கால் வரை போனது. சைக்கிளையும் தையல் மெஷினையும் வழியில் விட்டவர்கள் படத்தை விடவில்லை. பொலித்தீனில் சுற்றி, சட்டைக்குள் செருகி, பங்கருக்குள் நனைந்து, கடைசியில் மெனிக் பாம் முகாமின் கூடாரத்துக்குள் அது காயவைக்கப்பட்டது. ஈரம் பட்ட கறுப்பு வெள்ளைப் படம் ஓரத்திலிருந்து மஞ்சளாகும். பொலித்தீனோடு ஒட்டிக்கொண்டதைப் பிரித்தால் முகத்தின் மேற்படலம் கூடவே உரிந்து வரும். ஒரு கண் இல்லாத படங்களை இன்றும் பார்க்கலாம். நெற்றிப் பக்கம் மட்டும் மங்கியிருக்கும் படங்களும் உண்டு. அது தாயின் பெருவிரல் படுகிற இடம்.

ஒரு படமும் மிஞ்சாத வீடுகள் வேறு வழி தேடின. சொந்தக்காரரின் கலியாண அல்பத்தில், மூன்றாம் வரிசையில் பாதி மறைந்து நிற்கும் பையனை ஸ்டூடியோக்காரர் வெட்டி எடுத்துப் பெருப்பித்தார். பின்னால் நீலத் திரை போட்டார். கழுத்துக்குக் கீழே யாருடையதோ கோட்டும் கழுத்துப்பட்டியும் வந்தன. ஒரு நாளும் கோட்டுப் போடாத மீன்பிடிகாரப் பையன் அலுவலகக்காரனாக நின்றான். தாய் அதையும் ஏற்றுக்கொண்டாள், முகம் அவனுடையதுதானே.

பிறகு படம் லெமினேட் ஆகியது. கச்சேரிக்கு முன்னால் இருக்கும் போட்டோகொப்பிக் கடையில் பல பிரதிகளாகப் பெருகியது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரிகளின் பதிவு சொன்னவர்கள் 429,059 பேர். இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். அவர் 2021இல் இறக்கும் வரை அந்தக் கேள்விக்கு அரசாங்கத்திடமிருந்து நேரான பதில் வரவில்லை. 1990 முதல் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் பதிவான காணாமல் போனோர் மட்டும் 16,000க்கு மேல். 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு மன்னாருக்கும் வந்தது. படத்தை வாங்கிப் பார்த்தார்கள், கோப்பில் குத்தினார்கள். தாய்க்கு ஒரு இலக்கம் கிடைத்தது.

கச்சேரியில் கிடைக்காத பதிலைத் தேடித்தான் படம் மற்றப் பாதைக்குத் திரும்பியது. சாத்திரக்காரரிடம், மை போட்டுப் பார்ப்பவரிடம், கலை வந்து வாக்குச் சொல்லும் அம்மாவிடம். சாத்திரக்காரர் சாதகத்தை விரித்து ஆயுளைப் பார்ப்பார். மைக்காரர் வெற்றிலையில் மையைத் தடவி ஒரு சின்னப் பிள்ளையைப் பார்க்கச் சொல்வார். பிள்ளை கறுப்புக்குள் ஒரு கட்டிடத்தைக் காணும். வாக்குச் சொல்பவர் படத்தை வெற்றிலை, தேசிக்காய், கற்பூரத்தோடு தட்டில் வைத்துப் பெயரையும் நட்சத்திரத்தையும் கடைசியாகக் கண்ட திசையையும் கேட்பார். உடுக்கை ஏற ஏற உடல் நடுங்கும். பிறகு வாக்கு வரும். ஆளுக்கு ஆள் சொல் மாறினாலும் அதன் வடிவம் மாறுவதில்லை: "மகன் இருக்கிறானம்மா. தெற்கால, தண்ணிக்குக் கிட்ட, மதில் கட்டின இடம். மூண்டு மாசத்துக்குள்ள ஒரு சேதி வரும்."

குறி கேட்பதைத் திருச்சபை விலக்கியிருக்கிறது என்பது மன்னார்க் கத்தோலிக்கத் தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். தொலைந்ததைத் தேடித்தரும் புனிதர் என்று அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவார்கள், மடுவுக்கு நேர்த்தி வைப்பார்கள், அதற்குப் பிறகும் ஒரு நாள் பக்கத்து வீட்டுச் சைவத் தாயோடு வாக்குக் கேட்கப் போவார்கள். இதைப் பாவமென்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆவியோடு பேசுவது என்று உலகம் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை இங்கே சொல்லவேண்டும். முதலாம் உலகப் போர்க் காலத்து இங்கிலாந்தில் ஆவி ஊடகர்களைத் தேடிப் பெரும் கூட்டம் போனது. வானொலி அலை ஆய்வில் பெயர் பெற்ற இயற்பியலறிஞர் ஒலிவர் லொட்ஜின் மகன் ரேமண்ட் 1915 செப்டம்பரில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் கொல்லப்பட்டான். சில நாட்களில் ஓர் ஊடகர், ரேமண்ட் மற்ற அதிகாரிகளோடு நிற்கும் குழுப்படம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். வீட்டில் அப்படி ஒரு படம் இல்லை. டிசம்பரில் அது வேறொரு தாயிடமிருந்து தபாலில் வந்தது. லொட்ஜ் 1916இல் மகனின் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். அந்தப் படத்தை முக்கியமான சான்றாக வைத்தார். போர்முனைக்குப் போகும் அதிகாரிகள் குழுப்படம் எடுக்காமல் போவதே அபூர்வம் என்று மறுத்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதே சரி என்று நான் நினைக்கிறேன். ஆனால் லொட்ஜுக்கு மகன் இறந்தது தெரியும். அவர் கேட்டது, இறந்தவன் சுகமா என்று. உடல் கிடைக்காத 54,000க்கு மேற்பட்டவர்களின் பெயர்களை 1927இல் அதே ஊரின் மெனின் வாயிலில் கல்லில் வெட்டினார்கள். தாய்மார் போய் விரலால் தொட்டுப் பார்க்க ஓர் எழுத்து இருந்தது.

மன்னார்த் தாய் கேட்பது அதற்கு முந்திய கேள்வி: இருக்கிறானா? இறந்தவனிடம் பேச அவள் போகவில்லை. இறந்தான் என்று ஒரு வாக்கு வந்தால் அதை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போவாள். வாக்குச் சொல்பவர்களுக்கும் இது தெரியும். ஆகவே வாக்கு எப்போதும் உயிரின் பக்கமே விழுகிறது, படத்தில் மாலை விழாமல் பார்த்துக்கொள்கிறது. அவனுடைய மனைவி பொட்டை அழிக்காமல் இருப்பதும் அந்த வாக்கின் மேல்தான்.

தீங்கு இல்லையா என்றால், உண்டு. தெற்கு, மதில் என்று வாக்கு வந்ததும் தாய் படத்தோடு பூசா முகாம் வரை பஸ் ஏறுகிறாள், வெலிக்கடைச் சிறை வாசலில் நிற்கிறாள். மூன்று மாதம் முடிந்ததும் வாக்கு அடுத்த மூன்று மாதத்துக்கு நீள்கிறது. இதே நம்பிக்கையை மோப்பம் பிடித்து, "உங்கட மகன் எங்களிட்ட இருக்கிறான், காசு போடுங்கோ" என்று தொலைபேசியில் பறித்தவர்களும் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்த வீடுகள் உண்டு. காசுக்காகத் தெரிந்தே பொய் சொன்னவனை நான் மன்னிக்கமாட்டேன்.

ஆனால் வாக்குச் சொல்வோர் எல்லோரையும் அந்தக் கணக்கில் போட முடியாது. 1990களில் மட்டக்களப்பில் காளி கோயில்களின் வாக்குச் சொல்லும் பெண்களோடு இருந்து ஆராய்ந்த மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ் ஒன்றைக் கவனித்தார். யாருடைய மகனை யார் கொண்டுபோனார்கள் என்று வாய் திறந்தால் ஆபத்து என்றிருந்த காலத்தில், அதை நாலு பேர் முன்னால் சொல்லக்கூடிய வாய் அம்மனுடைய வாய் ஒன்றுதான். காணாமல் போனவன் பட்ட அடியைத் தன் உடம்பில் ஏற்றுக் கதறிய பெண்ணைச் சுற்றி நின்று ஊரே அழுதது. அதற்கு மரணச் சடங்கின் வேலையும் சாட்சியத்தின் வேலையும் இருந்தன. தெற்கிலும் சிங்களத் தாய்மார் இதைச் செய்திருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகள் காணாமல் போனதற்கு நீதி கேட்டு 1992இல் முகத்துவாரம் காளி கோயிலில் தேங்காய் உடைத்தார்கள்.

நம் சடங்குகளிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. தகப்பனுக்கு ஆடி அமாவாசை விரதம், தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. திருக்கேதீஸ்வரத்துப் பாலாவியில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விடலாம். பிள்ளைக்காகத் தாய் நோற்க ஊரறிந்த நாள் ஒன்று கிடையாது; பிள்ளை முந்திப் போவான் என்று யாரும் எண்ணவில்லை. கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 இருக்கிறது, ஆனால் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்த ஒரு குழி வேண்டுமே. 2016இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. மரணச் சான்றிதழ் வாங்க மறுப்பவர்களுக்கு, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ். வங்கிக் கணக்குக்கும் காணி உறுதிக்கும் அது உதவும். சாமித் தட்டில் இருக்கும் படத்தை எந்த வரிசையில் வைப்பதென்று அது சொல்லவில்லை.

படம் கடைசியாகப் போய் நின்ற இடம் குழிகளின் ஓரம். 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்தில் தண்ணீர்க் குழாய் போட வெட்டியவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். 80க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2018இல் மன்னார் பட்டின வாசலில் சதொச கட்டிடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது மறுபடியும் எலும்புகள். நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 300க்கு மேற்பட்டவர்களின் எச்சங்கள் வந்தன, சிறுவர்களுடையவையும் அவற்றில் இருந்தன. அந்த ஆண்டு மே மாதம்தான் காணாமல் போனோர் அலுவலகம் மன்னாருக்கு வந்து குடும்பங்களைச் சந்தித்தது. அங்கேயும் படங்கள் வந்தன. சதொசக் குழியின் எலும்புகளில் ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த காபன் முடிவு அந்த எலும்புகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. குடும்பங்களும் சட்டத்தரணிகளும் மேலும் பரிசோதனை கேட்டார்கள். இந்தப் பகுதியில் பழைய சாவுகளும் புதிய சாவுகளும் ஒரே மண்ணில்தான் கிடக்கின்றன. ஆறு மாதிரியோடு நிறுத்தியது போதாது என்பதே என் எண்ணமும். 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்து, அவற்றோடு கிடைத்த உடுப்புகளும் ஒரு நீலப் பள்ளிக்கூடப் பையும் அடையாளம் காண்பதற்காகச் சனத்தின் முன் வைக்கப்பட்டபோது, மன்னாரில் அலுமாரிகள் மறுபடி திறந்தன.

குழியோரத்தில் அடையாள அட்டைப் படத்தால் அதிகம் செய்ய முடியாது. எலும்பையும் உறவையும் இணைப்பது தாயின் இரத்தத்தில் இருக்கும் மரபணு. படத்தில் ஓரளவு உதவுவது பல். வாயை மூடி நிமிர்ந்து நிற்கும் படத்தைவிட, கலியாண வீட்டில் வாய்விட்டுச் சிரித்த படம் தடயவியலாளருக்குப் பயன்படும். முன்பல்லின் இடைவெளி, உடைந்த முனை, ஏறிநிற்கும் வேட்டைப்பல் அதில் தெரியும்.

ஆகவே இப்படி ஒரு படம் வைத்திருக்கும் வீட்டாரிடம் சில சொற்கள். மூலப் படத்தை லெமினேட் செய்யாதீர்கள். சூட்டில் கெடும், பிறகு பிரிக்க முடியாது. பிரதியை லெமினேட் செய்யுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் எழுதவேண்டாம். தனித் தாளில் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், முறிந்த எலும்பு, பிடுங்கிய பல் எல்லாம் எழுதிக் கூடவே வையுங்கள். சிரித்த படம் ஒன்று சொந்தக்காரரின் அல்பத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். வாக்குக் கேட்கப் போவதென்றால் போங்கள், உங்களைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. நகையை மட்டும் கொடுக்காதீர்கள். கேட்கவேண்டிய இடத்தில் கேட்பதையும் விடாதீர்கள்: போர் முடிவில் சரணடைந்தோர் பட்டியலையும், தாய்மாரின் மரபணு மாதிரியை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எடுத்துப் பாதுகாக்கும் ஏற்பாட்டையும். படத்தைத் தூக்கிக்கொண்டு வீதியில் நின்ற தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.