தண்ணி வந்த கதை தெரியும், போற கதை தெரியுமா?

புதுச்சேரிக்கு வீக்கெண்ட் டிரிப் போனவங்க பாரதி பூங்கா நடுவுல வெள்ளை வெளேர்னு நிக்கிற ஆயி மண்டபத்தைப் பார்க்காம திரும்பியிருக்க மாட்டீங்க. புதுச்சேரி அரசோட சின்னத்திலேயே அந்த மண்டபம்தான் இருக்கு. எந்தப் போர்ல ஜெயிச்சதுக்காக அதைக் கட்டினாங்கன்னு பலர் கேட்பாங்க. ஊருக்குக் குடிதண்ணி வந்த நினைவாக் கட்டினதுங்க அது.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தப்போ, விளக்கு வெளிச்சத்துல ஜொலிச்ச ஒரு மாளிகையைக் கோயில்னு நினைச்சுக் கும்பிட்டாராம். அது ஆயிங்கிற தாசியோட வீடுன்னு தெரிஞ்சதும் கோபத்துல இடிக்கச் சொல்லிட்டாராம். ஆயி தன் வீட்டைத் தானே இடிச்சு, அந்த இடத்துல ஊருக்காக ஒரு குளம் வெட்டினாங்கன்னு சொல்றாங்க. இது வாய்வழியா வந்த கதை. இதுக்கப்புறம் வர்றது வரலாறு. மூன்றாம் நெப்போலியன் காலத்துல, 1863-ல், லாமரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் முத்திரையர்பாளையத்திலிருந்து வாய்க்கால் மூலமா நகரத்துக்குத் தண்ணி கொண்டுவந்தார். அதுக்கு நன்றியாத்தான் ஆயி பேர்ல மண்டபம்.

தண்ணி வந்த வழிக்கு மண்டபம் இருக்கு, சரி. ஆனா வந்த தண்ணி குளிச்சு, துவைச்சு, கக்கூஸ் வழியா வெளியே போகுமே, அது எங்கே போச்சு? இந்த எபிசோடு அதைப் பத்தித்தான்.

பிரான்ஸ்ல பிறந்த தொட்டி

கிட்டத்தட்ட அதே வருஷங்கள்ல, 1860 வாக்கில், கிழக்குப் பிரான்ஸ்ல வெசூல் என்ற ஊர்ல லூயி மூராஸ் என்பவர் தன் வீட்டுக்குப் பின்னாடி மூடின ஒரு தொட்டி கட்டினார். வீட்டுக் கழிவு எல்லாம் அதுக்குள்ள போகும். பல வருஷம் கழிச்சுத் திறந்து பார்த்தா, எதிர்பார்த்த அளவுக்குக் கசடே இல்ல. காற்றுப் படாத இடத்துல வாழுற நுண்ணுயிரிகள் பெரும்பகுதியைத் தின்னு கரைச்சிருந்தது. 1881-ல் அதுக்குக் காப்புரிமையும் வாங்கினார். 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்துல டொனால்ட் கேமரன் இதே யோசனையில ஒண்ணு கட்டி, 'செப்டிக் டேங்க்'னு பேர் வச்சார். இன்னைக்கு நம்ம வீட்டுக்கு அடியில இருக்கிறது அதோட வாரிசுதான்.

இந்தத் தொட்டியைப் பத்தி நம்மகிட்ட ஒரு பெரிய தப்பான நம்பிக்கை இருக்கு: உள்ளே போனது சுத்தமாகி வெளியே வருதுன்னு. அப்படி இல்லைங்க. கனமானது அடியில படியும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவுல இருக்கிற கலங்கல் தண்ணிதான் வெளியே போகும். அதுல கிருமியும் இருக்கும், நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கும். அதை உறிஞ்சு குழியில விட்டு, மண்ணு வடிகட்டினாத்தான் வேலை முடியும். அடியில சேர்ற கசடையும் 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கணும். எடுக்கலைன்னா தொட்டி நிரம்பி, கசடே வெளியே ஓட ஆரம்பிச்சிடும்.

நம்ம ஊர்கள்ல பல வீட்டுல நடக்கிறது என்ன? உறிஞ்சு குழிக்கு இடம் இல்ல. தொட்டியோட வாயை நேரா தெருச் சாக்கடையில விட்டுடுவாங்க. சாக்கடை வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் ஏரிக்குப் போகும். அந்த பாஸ்பரஸ் ஏரிக்கு உரம் மாதிரி. அதான் ஆகாயத்தாமரை அப்படிச் செழிப்பா வளருது. பார்க்கப் பச்சையா அழகா இருக்கும். கீழே மீனுக்கு ஆக்சிஜன் இருக்காது.

ஏரியை யார் பார்த்துக்கிட்டாங்க?

புதுச்சேரி ஏரிகளோட ஊர். பெரியது ஊசுட்டேரி. சங்கராபரணி ஆத்துத் தண்ணி சுத்துக்கேணி வாய்க்கால் வழியா அதுக்கு வருது. ஏரியில ஒரு பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள்ள இருக்கு. 2008-ல் புதுச்சேரி தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமா அறிவிச்சது.

ஏரியைக் கண்காணிக்கிறது நமக்குப் புதுசு இல்ல. 10-ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பத்திப் பேசுது. குடவோலை முறையில ஆளைத் தேர்ந்தெடுத்து ஏரியைப் பார்த்துக்கிற பொறுப்பைக் கொடுத்தாங்க. புதுச்சேரியில பிரெஞ்சு ஆட்சிக் காலத்துல 'கேஸ் கொம்யூன்' இருந்தது. விவசாயிகள் காசு போட்டு ஏரி, மதகு, வாய்க்காலைப் பராமரிக்கிற பொது நிதி அது. 1999-ல் ஐரோப்பிய ஒன்றிய நிதியோட 84 ஏரிகளைச் சீரமைக்கிற திட்டம் வந்தப்போ, விவசாயிகளோட இந்த அமைப்புகளுக்குத்தான் மறுபடி உயிர் கொடுக்கப் பார்த்தாங்க.

இவங்க எல்லாரும் பார்த்துக்கிட்டது வயலுக்குப் போற தண்ணியை. வயல் வீட்டு மனை ஆனதும், ஏரியைச் சுத்தி விவசாயி இல்ல, வாடகை வீடும் அபார்ட்மென்ட்டும்தான். வேல்ராம்பட்டு ஏரியும் கனகன் ஏரியும் கழிவுநீரால கெட்டது இந்த மாற்றத்துலதான். மதகைப் பார்க்க ஆள் இருந்தது. வீட்டுத் தொட்டியைப் பார்க்க யாரும் இல்ல.

பாதாளச் சாக்கடை வந்தா முடிஞ்சுதா?

நகரத்துக்கு மூணு சுத்திகரிப்பு நிலையம் கட்டினாங்க: கனகன் ஏரி, லாஸ்பேட்டை, துப்ராயப்பேட்டை. ஒவ்வொண்ணும் நாளுக்கு 1.7 கோடி லிட்டர் திறன். 'இனி செப்டிக் டேங்க் கவலை இல்ல'ன்னு தோணும்.

2024 ஜூன் 11. ரெட்டியார்பாளையம் புதுநகர். காலையில கழிவறைக்குப் போன ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தாங்க. தூக்கப் போன மகளும் விழுந்தாங்க. அதே தெருவுல வேற வீட்டுல 15 வயசுப் பொண்ணு ஒருத்தியும். மூணு பேரும் இறந்துட்டாங்க. பாதாளச் சாக்கடையிலிருந்து விஷவாயு கழிவறைக்குள்ள வந்திருந்தது.

டாய்லெட்டுக்குக் கீழே வளைஞ்ச ஒரு பைப் இருக்கும், அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கும். அந்தத் தண்ணிதான் சாக்கடை வாயு வீட்டுக்குள்ள வராமத் தடுக்கிற பூட்டு. வீட்டு இணைப்புகள்ல அது முறையா இருக்கான்னு சோதிக்கணுங்கிற பேச்சு, மூணு உயிர் போனதுக்கு அப்புறம்தான் சத்தமா எழுந்தது. பைப் போடுறது ஒரு வேலை. போட்டது சரியா இருக்கான்னு வீடு வீடாப் பார்க்கிறது வேற வேலை. ரெண்டாவதுக்குத் திறப்பு விழா கிடையாது.

பிரான்ஸ்ல 1992 தண்ணீர்ச் சட்டம் இந்த ரெண்டாவது வேலையை உள்ளாட்சி தலையில சட்டமாவே வச்சது. பாதாளச் சாக்கடை இல்லாத வீட்டோட தொட்டியை அதிகபட்சம் 10 வருஷத்துக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்யணும். 2011-லிருந்து வீட்டை விற்கும்போது அந்த அறிக்கையையும் இணைக்கணும். தமிழ்நாடு 2014-ல் கழிவுக் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. தொட்டிக்குள்ள மனுஷனைப் பாதுகாப்பில்லாம இறக்குறது 2013 மத்தியச் சட்டப்படி நாடு முழுக்கக் குற்றம். சட்டம் இருக்கு. கதவைத் தட்டிக் கேட்கிற ஆள்தான் குறைவு.

அதனால நீங்களே கேளுங்க. வீட்டு ஓனர்கிட்ட, அசோசியேஷன்கிட்ட மூணு கேள்வி: தொட்டியைக் கடைசியா எப்போ காலி பண்ணீங்க? அதுல வர்ற தண்ணி உறிஞ்சு குழிக்குப் போகுதா, தெருச் சாக்கடைக்கா? கசடு எடுத்த லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டிச்சு? மூணாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க. அந்த லாரி எங்கே போகுதோ, அங்கேயும் ஒரு ஏரி இருக்கும்.