விடுபட்ட பத்திரம்

அப்பா 1994-ல் மணவாள நகரில் வாங்கிய மனையை வைத்து வங்கியில் கடன் கேட்டோம். வில்லங்கச் சான்று கொண்டு வாங்க என்றார்கள். அன்று ராத்திரியே பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டுத் தேடினேன். அப்பாவின் கிரயம் அந்தப் பட்டியலில் இல்லை. பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது; கணினியைக் கேட்டால் அப்படியொரு கிரயமே நடக்கவில்லை.

"டைப் அடிச்சப்ப நம்பர் மாறியிருக்கும் தம்பி. புத்தகத்துல இருக்கும், பயப்படாதீங்க" என்றார் பத்திரம் எழுதும் அண்ணன்.

அவர் சொன்ன புத்தகத்துக்கு வயது அதிகம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, நிலம், வீடு தொடர்பான பத்திரங்கள் எல்லாம் முதலாம் புத்தகத்தில் ஏறும். அவற்றைத் தேடிப் பிடிக்க இரண்டு அட்டவணைகள்: ஒன்று ஆட்களின் பெயர்ப்படி, இன்னொன்று சொத்தின்படி. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அந்தந்த ஊர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

2000-ல் 'ஸ்டார்' திட்டத்தில் கணினி வந்தது. அப்போதும் ஏற்பாடு பழையதுதான். அந்தந்த அலுவலகத்துக்கு அதனதன் பெட்டி. புத்தகம் இருந்த அறையில் இப்போது ஒரு சர்வரும் இருந்தது, அவ்வளவுதான்.

வெளியுலகம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. 2006-ல் அமேசான் தன் கணினிகளை இணையம் வழியாக வாடகைக்கு விடத் தொடங்கியது. 2015 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் புனே, மும்பையோடு சென்னையிலும் கிளவுட் மையம் திறந்தது. சொந்தக் கட்டடத்தில் ஓடும் மென்பொருளைக் கிளவுடுக்குக் கொண்டுபோக வழிகள் உண்டு: அப்படியே தூக்கி வைக்கலாம், கொஞ்சம் பழுதுபார்த்து வைக்கலாம், புதிதாகவே எழுதலாம். எந்த வழியில் போனாலும் உள்ளே இருக்கும் தரவு பழையதுதான்.

2018 பிப்ரவரியில் 'ஸ்டார் 2.0' வந்தது. மாநிலத்தின் 550-க்கும் மேற்பட்ட சார்பதிவாளர் அலுவலகங்களின் பதிவுகள் ஒரே மையத்துக்கு வந்தன. துபாயில் இருப்பவர்கூட மணவாள நகர் மனையின் வில்லங்கத்தைப் பார்க்கலாம். நிச்சயமாகப் பெரிய லாபம். முன்பு ஒரு பெட்டி கெட்டால் ஓர் அலுவலகம் நிற்கும். இன்று மையத்து சர்வர் படுத்தால் கும்மிடிப்பூண்டி முதல் கன்னியாகுமரி வரை டோக்கனோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் பிழை இந்த இடமாற்றத்தில் பிறந்ததல்ல. மனு கொடுத்து மூலப் பதிவைப் பார்க்க வைத்தோம். புத்தகத்தில் எண் சரியாக இருந்தது. எப்போதோ கணினியில் ஏற்றியவர் 8-ஐ 3 என்று அடித்திருக்கிறார். அந்தக் காலத்துக் குமாஸ்தா என்றால் எண்ணில் கிடைக்காததைப் பெயர் அட்டவணையில் தேடியிருப்பார், "பக்கத்து மனை யாருது?" என்று கேட்டிருப்பார். கணினி, கேட்ட எண்ணை மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்றது. அட்டவணை மையத்துக்குப் போய்விட்டது, அந்தக் குமாஸ்தாவின் சந்தேகம் போகவில்லை.

திருத்தம் ஆகிவிட்டது. கடனும் கிடைத்தது. உங்கள் வீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை இணையத்தில் தேடிப் பாருங்கள். புத்தகமும் அதைப் புரட்டத் தெரிந்தவர்களும் இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.