எந்த ஊர் நல்ல ஊர்?

“இப்பகுதி அமைதியானது, அடுத்த பகுதிக்கு மட்டும் இருட்டியபின் போகாதீர்கள்.” மயிலையிலோ அடையாற்றிலோ புதிதாகக் குடிவருவோர்க்கு இத்தகைய அறிவுரையை நம்மில் பலர் வழங்கியிருப்போம். ஒரு காலத்தில் மயிலை, மாம்பலம், திருவான்மியூர் ஆகியவை வயலும் ஏரியும் இடையே கிடக்கத் தனித்தனி ஊர்களாய் இருந்தவை. ஊரின் பாதுகாப்பை முன்னோர் எவ்வாறு பேணினர் என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

பதினேழாம் நூற்றாண்டில் சென்னைக் கோட்டையை ஒட்டிய குடியிருப்பின் காவல், பெத்தநாயக்கர் என்னும் பரம்பரைக் காவல் தலைவரிடம் இருந்தது. அவர் பதவியின் பெயரால் அமைந்த பேட்டை இன்றும் உள்ளது. களவுபோன பொருளை அவர் மீட்டுத் தரவேண்டும். இயலாவிடில் ஈடு கட்டவேண்டும். நாட்டுப்புறக் காவலுக்கும் இதுவே நெறி.

நெறி நன்றே. ஆயினும் மதுரைப் பகுதியில் அது நாளடைவில் திரிந்தது. காவற்கூலி செலுத்திய ஊர் நிம்மதியாக உறங்கிற்று. செலுத்த மறுத்த பக்கத்து ஊரில் மாடுகள் காணாமற்போயின. அவற்றை மீட்கத் ‘துப்புக்கூலி’ தரவேண்டியதாயிற்று. ஓர் ஊரின் அமைதிக்கு அடுத்த ஊர் விலை கொடுத்தது! 1896இல் திண்டுக்கல் வட்டார உழவர்கள் இம்முறைக்கு எதிராகத் திரண்டெழுந்தனர். காவற்குடும்பங்கள் விரட்டப்பட்டன, வீடுகள் தீக்கிரையாயின.

அரசு கண்ட தீர்வோ இன்னும் கொடியது. 1871இல் வடஇந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. தவறு செய்தவரைத் தேடுவதை விட்டு, பிறப்பையே குற்றமாக எழுதி வைத்தனர். கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது; பதினாறு பேர் மாண்டனர். 1947இல்தான் இம்மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று.

இன்று இலட்சம் பேருக்கு இத்தனை குற்றங்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிடுகிறது. அவை பதிவான குற்றங்களே. பதிவு மிகுவது வேறு, குற்றம் மிகுவது வேறு. அடிபட்ட பெண் அஞ்சாமல் காவல் நிலையம் ஏறும் ஊரில் எண் உயரும். அவள் வாய்மூடி அழும் ஊரில் எண் தாழும். ஆகவே, எண்ணை மட்டும் கொண்டு எவ்வூர் நல்லதென்று உரைப்போம்?

நாசரேத்தைக் குறித்து ஏளனமாகக் கேட்ட நத்தனியேலும் அடுத்துள்ள கானாவூரார்தாம். வந்து பார்க்குமாறு பிலிப்பு அழைத்தார். அவரும் சென்று பார்த்தார். நாமோ, குப்பத்துப் பிள்ளை வேலை கேட்டு வரும்போது அவன் பெயரைக் கேட்குமுன் அவன் தெருவைக் கேட்கிறோம். பெருங்காமநல்லூரில் எழுதிய ஏட்டை நாம் இன்னும் மூடவில்லை போலும்.